வட்டம் போட்டால் முட்டை, முகம் வரைந்தால் பிளாஸ்டிக்: டேப்லெட்டில் எங்கே தப்பு செய்கிறேன்?

வாழைமண்டி:

எல்லோருக்கும் வணக்கம். கவின்கலைக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், ஓவியப் பிரிவு. கல்லூரிப் பெயர் வேண்டாம். எங்கள் சார்கள் இங்கே நடமாடுகிறார்கள் என்று சீனியர் அக்கா சொன்னார்.

இந்த செமஸ்டரில்தான் முதல் முறையாக டிஜிட்டல் பெயின்டிங்கும் இமேஜ் எடிட்டிங்கும் சேர்ந்த ஒரு பேப்பர். அதற்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. களிமண் சிற்ப அறையில் பாதியைத் தடுத்து எட்டு கம்ப்யூட்டர் போட்டிருக்கிறார்கள். மேஜைக்கால்களில் இன்னும் களிமண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. எட்டில் ஆறு ஓடும். மானிட்டர் எல்லாம் கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும் பழைய வகை. கம்ப்யூட்டரோடு இணைத்து வரையும் பலகை, அதாவது டேப்லெட், நான்கு, அதற்கான பேனா மூன்று. நாங்கள் 22 பேர். போட்டோஷாப்புக்குக் கட்டிய பணம் தீர்ந்துவிட்டதாம், அதனால் வரைவதற்குக் கிரிட்டாவும் போட்டோ எடிட்டிங்குக்குக் கிம்பும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, இலவசம் என்பதால் வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

என் கதை இதுதான். வாட்டர்கலரில் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. போன வருடம் எங்கள் ஊர் வாழைக்காய் மண்டியை ஒரு படம் போட்டேன். விடிகாலை நாலரை மணி, கூரையிலிருந்து தொங்கும் ஒரே ஒரு குண்டு பல்பு, கீழே ஆள் உயரத்துக்குத் தார்கள், நடுவில் ஒரு அக்கா உட்கார்ந்து சீப்பு சீப்பாக அறுக்கிறார். ஒன்றரை மணி நேரத்தில் முடித்தது. சார் அதை டிபார்ட்மென்ட் சுவரில் மாட்டினார். சரி, தெரிந்த படம்தானே, அதையே டேப்லெட்டில் போடலாம் என்று உட்கார்ந்தேன். பதினோரு நாள் ஆயிற்று. அந்த அக்கா ஜவுளிக்கடை பொம்மை மாதிரி இருக்கிறார். வாழைக்காய் சோப்பு மாதிரி பளபளக்கிறது. எதைத் தொட்டாலும் வழவழ என்று ஒரே பிளாஸ்டிக். பிரஷ் மாற்றிப் பார்த்தேன், இணையத்திலிருந்து இருநூறு பிரஷ் இறக்கிப் பார்த்தேன், பிளாஸ்டிக் போகவில்லை.

பேனா வேறு சொன்னபடி கேட்பதில்லை. வட்டம் போட்டால் நிமிர்ந்து நிற்கும் முட்டை வருகிறது. கை நடுக்கம் என்று நினைத்து ஒரு வாரம் வெறும் வட்டமாகவே போட்டுப் பழகினேன். முட்டை அழகாக வர ஆரம்பித்ததுதான் மிச்சம்.

ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), ஒன்றன்மேல் ஒன்றாக 18 லேயர். மெஷினில் ரேம் 4 ஜிபி. ஒரு கோடு இழுத்தால் நான் டீ குடித்து வந்த பிறகு அது திரையில் தெரிகிறது. எப்படியோ முடித்து பிரின்ட் எடுத்தால், அக்காவின் நீலப் புடவை கத்தரிப்பூ நிறத்தில் வந்திருக்கிறது, படம் முழுக்க ஒரே இருட்டு. பிரின்ட் கடை அண்ணன், "ஃபைல் அப்படித்தாம்மா இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எடிட்டிங் பாதிக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய போட்டோவைச் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார்கள். அப்பத்தாவின் கல்யாணப் படத்தை எடுத்தேன், 1962-ல் எடுத்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் போய் முகத்தில் பாதி மஞ்சளாகி, பூஞ்சைப் புள்ளியும் விழுந்திருந்தது. நான்கு நாள் உட்கார்ந்து ஒரு புள்ளி விடாமல் எடுத்தேன். கொண்டுபோய்க் காட்டினால் அப்பத்தா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "யாரு தாயி இது?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் இரண்டையும் ஒப்படைக்க வேண்டும். எங்கே பிடித்து எங்கே ஆரம்பிப்பது? காகிதத்தில் வருகிற கை இதில் ஏன் வரவில்லை?


பேனாமுனை:

முட்டைக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன், மற்றதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை. டேப்லெட்டின் வரையும் பரப்பு பெரும்பாலும் 16-க்கு 10 என்ற விகிதத்தில் இருக்கும். உங்கள் மானிட்டர் 1280-க்கு 1024 ஆக இருக்கும் என்று நினைக்கிறேன், அதாவது 5-க்கு 4. டிரைவர் அந்த நீள்சதுரத்தை இந்தச் சதுரத்துக்குள் அமுக்கி உட்கார வைக்கிறது. நீங்கள் ஒழுங்காக வட்டம்தான் போட்டிருக்கிறீர்கள், அகலத்தில் நசுங்கி நிமிர்ந்த முட்டையாகியிருக்கிறது. டேப்லெட்டின் டிரைவர் செட்டிங்கில் விகிதத்தைக் காப்பாற்றச் சொல்லி ஒரு டிக் இருக்கும், வாகாம் கம்பெனி டேப்லெட்டில் 'ஃபோர்ஸ் புரபோர்ஷன்ஸ்' என்று பெயர். அதைப் போடுங்கள். டேப்லெட்டின் ஒரு ஓரத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் வேலை செய்யாமல் போகும், போகட்டும்.

ஒரு வாரம் பழகிய முட்டையை மறக்க இன்னொரு வாரம் ஆகும். நானும் அப்படிப் பழகியவன்தான்.


ரெண்டாம்கோட்:

குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறேன், ஒன்பது வருடமாக டிஜிட்டல்தான். அதற்கு முன் உங்களைப் போலவே வாட்டர்கலர். அதனால் உங்கள் பிளாஸ்டிக்கை நேரில் பார்க்காமலே கண்ணுக்குள் பார்க்க முடிகிறது.

வாட்டர்கலரில் பாதி வேலையைத் தண்ணீரும் காகிதமும் செய்துவிடும். ஈரத்தில் வைத்த நிறம் தானாகப் பரவி ஓரம் கரையும், காய்ந்த இடத்தில் வைத்தது கத்தி மாதிரி நிற்கும், சொரசொரப்பில் நிறம் திப்பி திப்பியாக உட்காரும். எந்த ஓரம் கரைய வேண்டும், எது நிற்க வேண்டும் என்று நீங்கள் பெரிதாக யோசித்திருக்க மாட்டீர்கள், அது நடந்துவிடும். கிரிட்டாவில் அது தானாக நடக்காது. நீங்கள் சொல்லாவிட்டால் எல்லா ஓரமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏர்பிரஷ்ஷை எடுத்தால் எல்லாமே கரையும், அதுதான் சோப்பு.

மண்டிப் படத்தை நினைத்துப் பாருங்கள். பல்புக்கு நேர் கீழே இருக்கும் தார், அக்காவின் கை, அரிவாள் விளிம்பு, இந்த மூன்றும் கூர்மையாக இருந்தால் போதும். மூலையில் கிடக்கும் தார்கள் இருட்டோடு கலந்து எங்கே முடிகின்றன என்றே தெரியக்கூடாது. டிஜிட்டலில் 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மூலையில் கிடக்கும் வாழைக்காயின் காம்பையும் விடாமல் வரைந்திருப்பீர்கள். பதினோரு நாள் என்றவுடனே தெரிந்துவிட்டது.

அடுத்தது நிழல். உண்மையைச் சொல்லுங்கள், பச்சைக்கு நிழல் வேண்டுமென்றால் அதே பச்சையைக் கறுப்புப் பக்கம் இழுத்தீர்கள்தானே? அல்லது கீழே இருப்பதை இருட்டாக்கும் மல்டிப்ளை மோடில் ஒரு லேயர் போட்டுக் கறுப்பைப் பூசினீர்கள். காகிதத்தில் இருட்டுக்கு என்ன கலந்தீர்கள்? பர்ன்ட் அம்பரும் அல்ட்ரா மரைனுமாக இருக்கும், எல்லாக் கல்லூரியிலும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். குண்டு பல்பு வெளிச்சம் மஞ்சள் ஆரஞ்சு, அதனால் நிழல் நீலத்துக்குச் சாயும். அந்தச் சண்டைதான் உங்கள் பழைய படத்தை மாட்ட வைத்திருக்கும். வாட்டர்கலரை ஸ்கேன் செய்து, கலர் பிக்கரை நிழல்களில் வைத்துப் பாருங்கள். சுத்தக் கறுப்பு அநேகமாக எங்கேயும் இருக்காது.

செய்ய வேண்டியது: இருநூறு பிரஷ்ஷையும் மூடிவிட்டு, ஓரம் கூர்மையான ஒரு சாதா வட்ட பிரஷ் மட்டும். 600 பிக்சல் அகலத்தில் முதலில் மூன்றே டோனில் போடுங்கள், இருட்டு, நடு, வெளிச்சம். அப்படி ஆறேழு. அதில் மண்டி தெரியும் ஒன்றை எடுத்துத் தொடருங்கள். வரையும்போது மேலே ஒரு லேயரில் முழுக்கக் கறுப்பு நிரப்பி, பிளெண்டிங் மோடை (லேயர் கீழே இருப்பதோடு கலக்கும் விதம்) கலர் என்று வையுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அந்த லேயரின் கண் அடையாளத்தை அவ்வப்போது திறந்து மூடினால் டோன் எங்கே சொதப்புகிறது என்று உடனே தெரிந்துவிடும். கிரிட்டாவில் எம் விசையைத் தட்டினால் படம் இடவலமாகத் திரும்பும், அதையும் அடிக்கடி தட்டுங்கள். அந்த அக்காவின் கழுத்து கோணலாக இருந்தால் அப்போது தெரியும். (என் முதல் புத்தகத்தில் ஒரு யானைக்கு எட்டுப் பக்கமும் முகம் கோணல். அச்சான பிறகுதான் எனக்கு இந்த எம் விசை தெரியும்.)

மெஷின் திணறுவதற்குக் கணக்கு இருக்கிறது. ஏ3, 300 டிபிஐ என்றால் 3508-க்கு 4961 பிக்சல், கிட்டத்தட்ட 1.74 கோடி. நிரம்பிய ஒரு லேயர் மட்டும் சுமார் 70 எம்பி. 18 லேயர் என்றால் ஒன்றேகால் ஜிபி, அன்டூவுக்குச் சேர்த்து வைப்பது தனி. 4 ஜிபி ரேம் பாவம் என்ன செய்யும்? லேயரைக் கூட்டிச் சேர்த்து நான்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாதி அளவில் முக்கால் வேலையை முடித்துவிட்டு, பெரிதாக்கி, கூர்மை வேண்டிய இடத்தை மட்டும் மேலே வரைந்தால் போதும்.

புடவை நிறம்: திரையின் நீலம் ஒளியால் வருவது. அச்சில் நீலம் வேண்டுமென்றால் சயானும் (பச்சை சாய்ந்த நீல மை) மெஜந்தாவும் (ஊதா சாய்ந்த சிவப்பு மை) ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், அந்தப் பளிச் நீலத்தை மையால் எட்ட முடியாது, மெஜந்தா ஜெயித்துவிடும். கன்ட்ரோல், ஒய் சேர்த்து அழுத்தினால் சாஃப்ட் புரூஃப் வரும், அச்சில் எப்படித் தெரியும் என்று ஓரளவு காட்டும். நீலத்தைச் சயான் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். இருட்டாக வந்ததற்குக் காரணம் அநேகமாக மானிட்டர் பிரைட்னஸ் முழுதாக இருப்பது. காகிதம் ஒளி விடாது. பிரின்ட் கடைக்காரர் சொன்னது சரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.


சிவப்புபல்பு:

பாப்பா, நான் ஓவியன் இல்லை. 1979-ல் பதினாறு வயதில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங், அதாவது படத்தில் முகத்தைத் திருத்தும் வேலை, பழகச் சேர்ந்தவன். வாழைக்காயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உன் அப்பத்தா முகத்தைப் பற்றிச் சொல்லலாம்.

அப்போது நெகட்டிவில்தான் டச்சிங். சாய்வாக ஒரு மரப்பெட்டி, நடுவில் பால் கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு முகக்கண்ணாடி. நெகட்டிவில் பென்சில் பிடிப்பதற்கு ஒரு மருந்து தடவுவோம், மீடியம் என்போம். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி சீவ வேண்டும். முகத்தில் சுருக்கம் இருக்கும் இடம் நெகட்டிவில் வெளிறி இருக்கும், அங்கே புள்ளி புள்ளியாகப் பென்சில் வைத்தால் பிரின்ட்டில் சுருக்கம் குறையும். கோடாக இழுத்தால் கன்னத்தில் அறை விழும். முதலாளி நெகட்டிவைக் கொடுக்கும்போதே அளவு சொல்லிவிடுவார்: கல்யாணப் பெண்ணுக்கு முழுசா, மாப்பிள்ளைக்குப் பாதி, வயசானவங்களுக்கு கால். அம்மை வடுவைக் குறைக்கலாம். மச்சத்தில் கை வைத்தால் அன்றைய சம்பளம் கிடையாது.

ஒரு தடவை ஒருவருக்குப் புருவத்தில் வெட்டுத் தழும்பு. சின்ன வயதுத் திமிரில் சுத்தமாக எடுத்துவிட்டேன். அவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் படத்தை ஏன் எனக்குக் குடுக்கிறீங்க?" என்றார். உன் அப்பத்தா கேட்டதும் அதுதான். நீ பூஞ்சையோடு சேர்த்து ஆளையும் துடைத்துவிட்டாய்.

1997-ல் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார், போட்டோஷாப் நான்காம் பதிப்பு. எல்லோரும் பயந்தார்கள், எனக்கு மட்டும் பயமில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே எங்கள் டார்க்ரூமே இருந்தது. டாட்ஜ் என்று ஒரு கருவி, அதன் படம் குச்சியில் ஒரு வட்ட அட்டை. பிரின்ட் போடும்போது முகத்துக்கு விழும் வெளிச்சத்தைக் குறைக்க நாங்கள் கம்பி முனையில் அட்டை ஒட்டி ஆட்டுவோமே, அதே தான். பர்ன் கருவிக்குக் குவித்த கை. அதுவும் எங்கள் கைதான். ஒரே ஒரு குறை, அதில் ஒரு தடவைதான் அன்டூ. போன தப்பை மட்டும் திரும்ப எடுக்கலாம், அதற்கு முந்தின தப்பு தப்புதான். 1998-ல் ஐந்தாம் பதிப்பில் பல படி பின்னால் போக விடும் ஹிஸ்டரி வந்த பிறகு பையன்கள் யோசிக்காமல் கை வைக்க ஆரம்பித்தார்கள். கறையைச் சுற்றியுள்ள இடத்தோடு கலந்து மறைக்கும் ஹீலிங் பிரஷ் ஏழாம் பதிப்பில், 2002-ல் வந்தது. அதோடு ஊரில் எல்லோருக்கும் மாவு பூசிய முகம்தான்.

சரி, உன் படத்துக்கு வருகிறேன். சரிசெய்ததை ஓரமாக வைத்துவிட்டு மூலப்படத்தை மறுபடி ஸ்கேன் செய். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரே ஸ்கேலில் போட்டிருப்பாய், அது தப்பு. கலரில் போடு, 600 டிபிஐ, ஸ்கேனரில் 16 பிட் இருந்தால் அதையே வை. கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாகப் பிரிந்திருக்கும். மஞ்சள் கறை நீல சேனலில்தான் அசிங்கமாகத் தெரியும், சிவப்பு சேனலில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். கிம்பில் கலர்ஸ் மெனுவில் காம்பொனன்ட்ஸ், அதற்குள் மோனோ மிக்சர். சிவப்பை 1, மற்ற இரண்டையும் 0 என்று வைத்துப் பார். பாதி முகம் தானாகத் திரும்பி வந்துவிடும், நீ நாலு நாள் உழைத்ததெல்லாம் இரண்டு நிமிடத்தில். திட்டாதே.

பிறகு மிச்சம் இருக்கும் பூஞ்சைப் புள்ளிகள். லேயரை நகலெடுத்து அதில் புள்ளிகளை மட்டும் எடு. முடித்ததும் அதை இன்னொரு நகல் எடுத்து, சுருக்கம் மடிப்பு ஏதாவது இருந்தால் அந்த மேல் நகலில் மட்டும் செய். அதன் ஒபாசிட்டியை, அதாவது அடியில் இருப்பதை மறைக்கும் அளவை, பாதிக்குக் குறை. புள்ளி திரும்பி வராது, முகம் திரும்பி வரும். 100 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்காதே. திருத்திய இடம் மழமழ என்று தனியாகத் தெரிந்தால், துளி நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்துப் பழைய படத்தின் மணலோடு ஒட்டவை.

பெரியவர்களைக் கிட்ட உட்கார வைத்துக்கொண்டு செய். ஸ்டுடியோவில் எங்களுக்கு அந்த வசதி இல்லை.


வாழைமண்டி:

பேனாமுனை அண்ணா, டிக் போட்டேன், வட்டம் வந்துவிட்டது! லேபில் நான்கு டேப்லெட்டுக்கும் போட்டுவிட்டேன். சீனியர்கள் இரண்டு வருடமாக முட்டைதான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், அதைத் தங்கள் ஸ்டைல் என்று நினைத்திருக்கிறார்கள்.

ரெண்டாம்கோட், மல்டிப்ளையில் கறுப்பு, ஆமாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. மூன்று டோனில் ஒன்பது படம் போட்டேன். ஐந்தாவதில் மண்டி வாசமே வந்தது. இப்போது ஒரே பிரஷ், மூன்று லேயர். சனிக்கிழமை விடிகாலை மறுபடி மண்டிக்குப் போய் அரை மணி நேரம் சும்மா பார்த்துவிட்டு வந்தேன். அந்த பல்பை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி போட்டிருக்கிறார்கள், நிழல் எல்லாம் மாறிவிட்டது. நல்லவேளை, பழைய படம் இருக்கிறது. புடவையைச் சயான் பக்கம் தள்ளி ஒரு சின்ன பிரின்ட் எடுத்தேன், கத்தரிப்பூ போய்விட்டது, கொஞ்சம் மங்கல்தான். மங்கலே மண்டிக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சிவப்புபல்பு ஐயா, சிவப்பு சேனலைத் திறந்ததும் கத்திவிட்டேன், லேப் அசிஸ்டென்ட் எழுந்து வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் லேப்டாப்போடு அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை, "நான்தேன்" என்றார். தாத்தாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரையில் விரலை வைத்து, "இந்தத் தோட்டுல ஒரு கல்லை எங்க போட்ட?" என்று கேட்டார். ஏழு கல் தோடு, அவருடைய அம்மா போட்டது. எண்ணிப் பார்த்தால் இடது காதில் ஆறுதான் இருக்கிறது. பூஞ்சை என்று நினைத்து ஒரு கல்லை நானே ஹீல் செய்திருக்கிறேன்.

வலது காதுத் தோட்டை காப்பி எடுத்து, திருப்பி இந்தப் பக்கம் ஒட்டிவிடலாமா? வியாழக்கிழமை கடைசி நாள்.


சிவப்புபல்பு:

ஒட்டாதே. திருப்பினால் வெளிச்சமும் திரும்பிவிடும். கல்லின் பளிச் எல்லாம் தப்பான பக்கத்தில் மின்னும், உன் சார் பார்க்காவிட்டாலும் அப்பத்தா பார்த்துவிடுவார்.

புள்ளி எடுக்காத நகல் அடியில் இருக்கிறதில்லையா? அதற்கு மேல் இருக்கும் லேயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாஸ்க் போட்டு, அந்தக் கல் இருக்கும் இடத்தில் மட்டும் சின்ன பிரஷ்ஷால் கறுப்பைத் தொடு, மாஸ்க்கில் கறுப்பு பட்ட இடத்தில் லேயர் மறைந்து அடியில் இருப்பது தெரியும். கல் அங்கேயேதான் இருக்கும். அதன் மேல் ஒரு துளி பூஞ்சையும் இருக்கலாம், இருந்தால் இருக்கட்டும்.